கேட்காமல் சொன்ன பதில்

ரேஸ் கோர்ஸ் ரோட்டுச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் வசந்தகுமாரி தன் கணவனிடம் வெகுநேரம் பேசினாள். பேசியதில் தங்கராஜுவின் காதில் விழுந்தது கடைசி இரண்டு வாக்கியங்கள் மட்டும்தான்.

"அதுக்குள்ள சொல்லிடுங்க. நான் ரெண்டாவது தடவ கேக்க மாட்டேன்."

"சரி" என்றான் தங்கராஜு.

எதற்குள் சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. அவள் பேச ஆரம்பித்தபோது கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு..." என்று அவள் தொடங்கியதுகூட நினைவிருக்கிறது. அவளுக்குப் பின்னால், கல்லாவை ஒட்டி ஒரு மீன்தொட்டி இருந்தது. அதன் மோட்டார் விட்டுவிட்டு இரைந்தது. தண்ணீர் குறைந்துபோய்க் காற்றை இழுக்கிறது, இப்படியே விட்டால் கருகிவிடும் என்று நினைத்தான். அந்த நினைப்பு அவனைப் புக்கிட் தீமாவிலுள்ள ஒரு கொண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வாரம் முழுக்க அடித்த மழையில் அந்தக் குளம் பச்சை பிடித்துப்போயிருந்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாக அங்கே போவதா, வழக்கமான வரிசையில் போவதா? அவன் மனம் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பியபோது வசந்தா பேசி முடித்திருந்தாள். கண்கள் கலங்கியிருந்தன. மீன்தலைக் கறியின் காரமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டான்.

கடையை விட்டு வெளியே வந்தபோது சிராங்கூன் ரோடு தீபாவளி விளக்குகளும் கூட்டமுமாக இருந்தது. வசந்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் அப்படி நடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவனுக்கு வியப்பாக இருந்தது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

தங்கராஜுவைக் கெட்டவன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. குடியில்லை, சூதில்லை, கைநீட்டிய பழக்கமில்லை. நாற்பத்தேழு வயது. மார்சிலிங்கில் நாலறை வீடு. கொண்டோக்களின் நீச்சல்குளங்களைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை. வேனை எடுத்துக்கொண்டு தனியாகப் போவான். வலையால் இலைகளை அள்ளி, பம்பைப் பார்த்து, குளோரினைச் சரிசெய்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போவான். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவனுக்கு நேரம் போவதே தெரியாது. சிறுவயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் மாறுவார்கள், அவர்கள் அவன் அப்பாவிடம் சொல்வது மட்டும் மாறாது: பையன் நல்லவன், மனசுதான் வகுப்பில் இல்லை.

கல்யாணம் சைனாடவுன் மாரியம்மன் கோயிலில் நடந்தது. தாலியைக் கையில் கொடுத்துவிட்டு ஐயர் அவனை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். கோபுரத்தில் இருந்த ஒரு பொம்மையின் கையில் புறா உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆரம்பத்தில் வசந்தாவுக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது அவன் பார்வை எங்கோ போய்விட்டால், அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். "இங்க பாருங்க. இப்ப சொல்றேன், கேளுங்க" என்பாள். அவன் அசடு வழிவான். மகள் யாமினிகூடத் தவழும் வயதில் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பக் கற்றுக்கொண்டாள்.

யாமினிக்கு எட்டு வயது இருக்கும்போது வசந்தாவின் அப்பா மருத்துவமனையில் இருந்தார். ஒரு நாள் பிற்பகல் வசந்தா போன் செய்தாள். தங்கராஜு அப்போது பம்ப் அறைக்குள் குனிந்து ஒரு வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தான். காலையில் வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று அவள் சொல்லியிருந்தாள். "என்னங்க, அப்பா போயிட்டாரு" என்று அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது. மனசில் ஏறவில்லை. "சரிம்மா, வரும்போது வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். மாலையில் இரண்டு பால் பொட்டலங்களோடு வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு முனீராதான் சொன்னாள்.

அந்த விஷயத்தை வசந்தா யாரிடமும் சொல்லவில்லை. தன் தங்கை மோகனப்பிரியாவிடம்கூடச் சொல்லவில்லை. அவனிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதன்பிறகு அவன் தாடையைத் தொட்டுத் திருப்புவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

வீட்டில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. போன வருடம் ஒரு சண்டையில் அவள் சொன்னாள்: "நீங்க கேக்கலன்னாலும் பரவால்ல. 'என்ன சொன்ன'ன்னு மட்டும் இனிமே என்கிட்ட கேக்காதீங்க. அந்த வார்த்தயக் கேட்டாலே எனக்கு அடிவயிறு எரியுது." அன்றிலிருந்து தங்கராஜு அந்த வார்த்தையை விட்டுவிட்டான். அதற்குப் பதிலாக ஒரு தந்திரம் கற்றுக்கொண்டான். அவள் பேச்சின் வாலைப் பிடித்து அதையே கேள்வியாகத் திருப்பிச் சொல்வான். அவள் "லிஃப்ட் மறுபடியும் நின்னுபோச்சு" என்றால் "நின்னுபோச்சா?" என்பான். "நாளைக்கு லேட்டாகும்" என்றால் "லேட்டாகுமா?" என்பான். அது நன்றாகவே வேலை செய்தது. அவள் பேசுவது குறைந்திருந்ததால் அதிகம் தேவைப்படவும் இல்லை.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் ரோட்டில் அவனால் திருப்பிக் கேட்க முடியவில்லை. 'சரி' என்று சொல்லிவிட்டான்.

அடுத்து வந்த நாட்களில் வசந்தா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கோப்பியை வைத்துவிட்டு நகராமல் நிற்பாள். மாலையில் வேலையிலிருந்து வந்ததும் அவன் முகத்தைப் பார்ப்பாள். அவள் உட்லண்ட்ஸில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் தாதியருக்கு உதவியாளராக இருந்தாள். களைத்துப்போய் வருகிறவள். இப்போது களைப்பைத் தள்ளிவைத்துவிட்டு எதற்கோ காத்திருந்தாள். தங்கராஜு மனசுக்குள் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தான். அடுப்படியைப் புதுப்பிப்பதைப் பற்றியா? யாமினியின் மேல்படிப்பா? கண்டிப்பாகப் பெரிய விஷயம்தான், இல்லாவிட்டால் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்க மாட்டாள்.

கடைசியில் யாமினியைக் கேட்டான். பாலிடெக்னிக்கில் படிக்கிற பெண். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

"எதப் பத்தி?"

"சும்மாதான். ஏதாச்சும் பிளான்..."

"ஓ, இந்தியா டூரா? சித்தி ஜனவரில போறாங்க லா. அம்மாவயும் கூப்பிடறாங்க. அம்மா திங்க் பண்ணி சொல்றேன்னு சொன்னாங்க. ஏன்பா, உங்ககிட்ட கேக்கலயா?"

"கேட்டா, கேட்டா" என்றான் தங்கராஜு. மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. இவ்வளவுதானா? தங்கையோடு கோயில் குளம் என்று போய்விட்டு வரவேண்டும். அதைக் கேட்க இத்தனை தயக்கமா? பாவம், இருபது வருடத்தில் தனியாக எங்கேயும் போனதில்லை. கண் கலங்கியதற்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை வசந்தா அடுப்படியில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். தங்கராஜு போய் வாசலில் நின்றான். பெருந்தன்மையாக ஏதோ செய்யப்போகிறவனுடைய சந்தோஷம் அவனுக்கு இருந்தது.

"வசந்தா, அன்னிக்கு நீ கேட்டியே, அந்த விஷயம்."

அவள் கை நின்றது. எண்ணெயில் கிடந்த முறுக்கைத் திருப்பாமல் அவனைப் பார்த்தாள்.

"உன் இஷ்டம் வசந்தா. போகணும்னு தோணுச்சுன்னா போ. நான் தடுக்க மாட்டேன்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை போலும் என்று அவன் இன்னும் அழுத்திச் சொன்னான். "நெஜமாத்தான் சொல்றேன். இத்தன வருஷத்துல நான் உனக்கு என்ன பெருசா பண்ணிட்டேன்? உனக்கும் ஒரு சந்தோஷம் வேணும்ல?"

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"அன்னிலேருந்து அதேதான் யோசிச்சிட்டு இருக்கேன்."

"உங்களுக்கு... ஒண்ணுமே இல்லையா?"

"எனக்கென்ன? நான் சமாளிச்சுக்குவேன். வீட்ட நானும் யாமினியும் பாத்துக்கறோம். நீ அதப் பத்திக் கவலப்படாத."

முறுக்கு கருகும் வாசனை வந்தது. வசந்தா அதை எடுத்து ஒதுக்கிப்போட்டாள். அடுப்பை அணைத்தாள். "சரி" என்றாள். அவ்வளவுதான். பிறகு மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்து மிச்ச மாவையும் பிழிந்து முடித்தாள்.

தங்கராஜு அன்று நிம்மதியாகத் தூங்கினான்.

தீபாவளி நன்றாகவே நடந்தது. எண்ணெய்க் குளியல், புதுத்துணி, கோயில், வந்தவர்களுக்கெல்லாம் பலகாரம். வசந்தா எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். அவனிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டாள். விருந்தாளிக்குப் போடுவதுபோல அவன் தட்டில் பார்த்துப் பார்த்துப் போட்டாள். அந்த வாரமே அவளுடைய தலையணை யாமினியின் அறைக்குப் போனது. முதுகு வலிக்கிறது, யாமினி அறையின் மெத்தை கெட்டி என்றாள். அடுத்த மாதம் "பிரியா வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்று பூன் லேயில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். பெரிய பெட்டியை எடுத்துக்கொண்டாள். பயண ஏற்பாடு என்று தங்கராஜு நினைத்தான். பெட்டியை அவனே லிஃப்ட் வரை உருட்டிக்கொண்டு போய் டாக்சியில் ஏற்றினான். "நல்லா ரெஸ்ட் எடு" என்றான்.

அவள் டாக்சியின் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்த பார்வையை அவன் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தான். அன்றைக்கு அவன் டாக்சியின் பின் சக்கரத்தில் காற்று குறைவாக இருப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

மோகனப்பிரியா போன் செய்தது ஒரு சனிக்கிழமை காலையில். அவன் வேனில் இருந்தான்.

"அத்தான், நான் குறுக்க வரக்கூடாதுன்னுதான் இத்தன நாள் பேசாம இருந்தேன். ஆனா கேக்காம இருக்க முடியல. அக்காவ நீங்களே போகச் சொன்னீங்களாமே? எப்படி அத்தான் உங்களுக்கு மனசு வந்துச்சு?"

"ஏம்மா, உன்கூடத்தானே வரா? நல்லா சுத்திட்டு வரட்டும்னுதான்..."

"எங்க வரா?"

"டூருக்கு. ஜனவரில."

மோகனப்பிரியா மெதுவாகக் கேட்டாள். "எந்த டூரு அத்தான்? அது ஆள் சேரலன்னு தீபாவளிக்கு முன்னாடியே கேன்சலாயிடுச்சு. ரேஸ் கோர்ஸ் ரோட்ல அக்கா உங்ககிட்ட என்ன கேட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தங்கராஜு வேனை ஓரமாக நிறுத்தினான். எந்தச் சாலை என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே பூன் லேக்குப் போனான். வசந்தா கீழே இறங்கி வந்தாள். அடுக்குமாடி புளோக்குக்கு அடியில் இருந்த கோப்பிக்கடையில் உட்கார்ந்தார்கள். அவள் இளைத்திருந்தாள். இரண்டு கோப்பி சொன்னாள். அவனுக்குச் சர்க்கரை குறைவாக என்று கடைக்காரரிடம் மறக்காமல் சொன்னாள்.

"வசந்தா, அன்னிக்கு நீ சொன்னது என் காதுல விழல. கடைசியா ரெண்டு வார்த்ததான் கேட்டுச்சு. உன்கிட்ட திருப்பிக் கேக்க பயமா இருந்துச்சு. நீ டூர் போறதப் பத்திக் கேக்கறன்னு நெனச்சிட்டேன்."

வசந்தா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க அடக்கச் சிரிப்பு வந்தது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கை அங்கேயே இருந்தது, தோள்கள் மட்டும் குலுங்கின. அவள் சிரிப்பை நிறுத்தி எவ்வளவு நேரமாகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இத நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"இப்ப சொல்லு. நான் கேக்கறேன்."

"ரெண்டாவது தடவ கேக்க மாட்டேன்னு சொன்னேன். சொல்ல மாட்டேன்னு சொல்லல. சொல்றேன்." கோப்பியை ஒரு வாய் குடித்தாள். "எங்க சென்டர்ல ஒரு அம்மா வருவாங்க. வாரத்துல மூணு நாளு. அவங்க மகன் பிரபாகர்னு. அவருதான் கூட்டிட்டு வருவாரு, முடியற வரைக்கும் வெளியே உக்காந்திருப்பாரு. நான் டீ குடிக்க வர்றப்ப ஏதாச்சும் பேசுவாரு. ஒரு நாள் எனக்குத் தலவலின்னு சொன்னேன். அடுத்த தடவ வந்தப்ப, 'தலவலி எப்படி இருக்கு, டாக்டர்கிட்ட காட்டினீங்களா'ன்னு கேட்டாரு. அவ்ளோதான். நான் டாய்லெட்ல போய்க் கதவச் சாத்திட்டு அழுதேன்."

தங்கராஜு தன் குவளையை ஓரமாக நகர்த்திவைத்தான்.

"அதுக்கப்புறம் அவரு வர்ற நாள்ல நான் ரெண்டு தடவ தல சீவறேன்னு எனக்கே தெரிஞ்சுது. அவருகிட்ட சொல்றதுக்குன்னு விஷயம் சேத்து வெக்கறேன். பஸ்ல பாத்தது, யாமினி சொன்னது, எல்லாத்தயும். உங்ககிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல. பயந்துட்டேன். இது எங்க போய் நிக்கும்னு. அதான் உங்கள வெளிய கூட்டிட்டுப் போய் எல்லாத்தயும் ஒண்ணுவிடாம சொன்னேன். அவரு பேரயும் சொன்னேன். பிடோக் சென்டர்ல ஆள் கேக்கறாங்க, தூரம்தான், நான் அங்க மாத்திட்டுப் போயிடறேன், நீங்க மட்டும் என்ன விட்டுப் போகாதன்னு ஒரு வார்த்த சொல்லுங்கன்னு கேட்டேன். தீபாவளிக்குள்ள சொல்லிடுங்கன்னேன்."

அவள் கோப்பிக் குவளையைத் தட்டின் நடுவில் சரியாக வைத்தாள்.

"நீங்க சரின்னீங்க. திட்டல, கத்தல. நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா? மனுஷன் அமைதியா யோசிக்கறாருன்னு. ஒவ்வொரு நாளும் உங்க மூஞ்சியப் பாத்துட்டு இருந்தேன். கடைசியில வந்து, உன் இஷ்டம், உனக்கும் சந்தோஷம் வேணும்ல, போன்னீங்க."

"நான் அத அதுக்குச் சொல்லல வசந்தா."

"தெரியுது. இப்பத் தெரியுது."

"அந்த ஆளு..." என்று தொடங்கினான்.

"அவருக்கு ஒண்ணுமே தெரியாது. நான் ஒரு வார்த்த சொல்லல. போன வாரம் அவங்கம்மா தவறிட்டாங்க. இனிமே அவரு அங்க வரவேண்டிய வேல இல்ல. போய் துக்கம் விசாரிச்சிட்டு வந்தேன். அதோட சரி."

தங்கராஜுவுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. மேசைமேல் சாய்ந்து, "அப்ப வீட்டுக்கு வந்துடு. போகாத. நான் சொல்றேன், போகாத" என்றான்.

வசந்தா அவனைப் பரிவோடுதான் பார்த்தாள். அவனுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு நீங்க கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாமயே போச்சு. நீங்க இப்ப சொல்றது எனக்குள்ள போக மாட்டேங்குது. பொய்யின்னு சொல்லல. நான்தான் கேக்கற எடத்துல இல்ல. அன்னிக்கு அடுப்படியில நீங்க பேசிட்டுப் போனப்புறம் எனக்கு உள்ள எதுவோ நின்னுபோச்சு. அவருமேல இருந்த நெனப்பும் அன்னிக்கே போயிடுச்சு. யார்மேலயும் எதுவும் இல்ல. வேலைக்குப் போறேன், வரேன், தூங்கறேன். அது போதும்போல இருக்கு."

"நான் மாத்திக்கறேன்."

"பாவம் நீங்க" என்றாள் வசந்தா.

அவன் பலமுறை போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் வாங்கிக்கொண்டு போனான். மோகனப்பிரியா சோறு போட்டாள். வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து யாமினியைப் பற்றியும் தண்ணீர்க் கட்டணம் பற்றியும் பேசினாள். அவன் ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்துவைத்துக்கொண்டான். பிடித்துவைக்கும்படி அவள் எதுவும் சொல்லவில்லை. வக்கீல், விவாகரத்து என்ற பேச்சை இருவரும் எடுக்கவில்லை. யாமினி படித்து முடிக்கட்டும், வீட்டைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதோடு நின்றது. தினமும் அவள் பூன் லேயிலிருந்து வேலைக்குப் போகும் ரயில் மார்சிலிங்கைத் தாண்டித்தான் உட்லண்ட்ஸுக்குப் போகும். அவள் ஒருநாளும் இறங்கவில்லை.

யாமினிதான் அவனைப் பலதுறை மருந்தகத்தில் பொது மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். "அப்பா, இது உங்க கேரக்டர் இல்லப்பா, இதுக்கு ஒரு பேர் இருக்கு, டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன் லா" என்று பல மாதங்களாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து யீஷூனில் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். இளம் சீனப் பெண். எல்லாம் கேட்டுவிட்டு, அடுத்த முறை உங்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், வெளியிலிருந்து பார்த்தவர் சொன்னால்தான் எனக்குத் தெளிவாகும் என்றார்.

அவன் வசந்தாவைக் கேட்டான். வருகிறேன் என்றாள். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள்.

மருத்துவர் ஆங்கிலத்தில் கேள்விகளைக் கேட்டார். வசந்தா நிதானமாக, யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் இவருக்குக் கேட்காது, தோளைத் தொட்டால் கேட்கும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் சுத்தமாகக் கேட்காது. மழை பெய்தால் மோசம், குளங்களைப் பற்றிய நினைப்பு வந்துவிடும். சாப்பிடும்போது கறியைக் கொட்டிக்கொள்வார், அதனால் ரசத்தை எப்போதும் கிண்ணத்தில்தான் கொடுப்பேன். கழுத்தில் சட்டையின் கம்பெனிப் பெயர் தைத்த துணிப்பட்டை உரசினால் அன்று முழுக்க எதிலும் மனம் நிற்காது. அதனால் புதுச் சட்டை வாங்கினால் முதலில் அதை வெட்டியெடுத்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பேன்.

சட்டைகள் அப்படித்தான் விற்கப்படுகின்றன என்று தங்கராஜு இவ்வளவு காலமும் நினைத்திருந்தான்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். குறையாகச் சொல்லவில்லை. தன் நிலையத்தில் பணி முடிந்து போகும்போது அடுத்து வரும் தாதியிடம் நோயாளியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவாளே, அந்தக் குரலில் சொன்னாள். தங்கராஜு குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை தப்பவில்லை. இத்தனை ஆண்டுகள் ஒருத்தி தன்னை இப்படிக் கவனித்துக்கொண்டிருந்தாள் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

இது சிறுவயதிலிருந்தே இருக்கும் கவனக்குறைபாடு என்பதில் மருத்துவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மருந்து இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, இந்த வயதிலும் நல்ல மாற்றம் வரும் என்றார். வசந்தாவைப் பார்த்துச் சிரித்து, "உங்களைப் போல ஒருவர் வீட்டில் இருப்பது பாதி வைத்தியம்" என்றார்.

"நான் இப்ப இவர்கூட இல்ல, டாக்டர்" என்றாள் வசந்தா. விலாசம் மாறிவிட்டது என்று சொல்வதைப்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

மருத்துவர் எதையோ எழுதிக்கொண்டார்.

இருவரும் ஒரே ரயிலில் ஏறினார்கள். இரண்டு இருக்கைகள் சேர்ந்து கிடைத்தன. மருந்துப் பை அவன் மடியில் இருந்தது. ரயில் செம்பவாங்கைத் தாண்டியது.

"இவ்ளோ கவனிச்சிருக்க" என்றான் தங்கராஜு.

"பழக்கம்தான்."

"முன்னாடியே இந்த டாக்டர்கிட்ட வந்திருந்தா..."

"ம்" என்றாள். "மாத்திரைய காலைல சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும். யாமினிகிட்ட சொல்லி வெக்கறேன்."

அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. பால் வாங்கிக்கொண்டு வந்த அன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதை எப்படி ஆரம்பிப்பது என்று தேடிக்கொண்டிருந்தான். வாக்கியத்தை மனசுக்குள் எழுதி எழுதி அழித்தான். அட்மிரல்டி போனது. உட்லண்ட்ஸில் கூட்டம் இறங்கி ஏறியது. முதல் வார்த்தை கிடைத்துவிட்டதுபோல இருந்தபோது யாரோ அவன் தோளைத் தொட்டார்கள்.

"என்னங்க, மார்சிலிங். இறங்குங்க."

கதவு திறந்திருந்தது. அவன் பதறிக்கொண்டு எழுந்து வெளியே வந்தான். மருந்துப் பை கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வசந்தா அவன் இறங்கிவிட்டானா என்று எட்டிப் பார்த்தாள். இறங்கிவிட்டதைக் கண்டதும் இருக்கையில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். ரயில் கிராஞ்சிப் பக்கமாகப் போய்விட்டது.

தங்கராஜு படியிறங்கி வெளியே வந்தான். மழை வரும்போல இருந்தது. வீட்டுக்குப் போனதும் யாமினி, "டாக்டர் என்ன சொன்னாங்க? அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். மருத்துவர் சொன்னதைச் சொன்னான். அம்மா சொன்னது என்ன என்று அவள் மறுபடியும் கேட்டபோது, மாத்திரையைக் காலையில் போடச் சொன்னாள் என்றான்.